சூளை ஆற மூன்று நாள்

"இந்தக் கூட்டத்துக்குள்ளை ஒரு கருங்காலி இருக்கிறார். அவர் எழும்பி வெளியாலை போனால்தான் நான் பேசுவன்."

மேடையில் நின்று கமலாதேவி இப்படிச் சொன்னதும் வாசிகசாலை அடங்கிப்போயிற்று. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வாங்கில் அரியநாயகம் இருந்தார்.

ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளத்தில் காரைநகருக்குக் கடந்து, பஸ் பிடித்துச் சீமெந்து ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருபத்தெட்டுப் பேர். தூசிக்கு முகமூடி வேண்டும், நெஞ்சு பார்க்க டொக்டர் வேண்டும் என்று பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம் செய்து வென்றிருந்தார்கள். அந்த நாட்களில் இருபத்தேழு பேர் ஆலை வாசலை மிதிக்கவில்லை.

மிதித்தவர் அரியநாயகம். முதல் நாளே சோற்றுப் பொட்டலத்தோடு உள்ளே போனவர், மூன்று நாள் கழித்துத்தான் வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு வள்ளக்கார யாகப்பு அவரை ஏற்றவில்லை. அவருடைய மனைவி அன்னபூரணம் கிணற்றடிக்கு வந்தால் மற்றப் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மதிலில் 'கருங்காலி வீடு' என்று கரியால் எழுதியது, பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து லீவில் வந்திருந்த கமலாதேவிதான்.

"மாலை போடுறதைப் பாக்கத்தான் வந்தனான், பிள்ளை" என்றார் அரியநாயகம்.

"உங்களுக்கோ மாலை?"

"எனக்கில்லை. உன்ரை ஐயாவுக்கு."

"மூண்டு நாளும் துரைமாருக்குக் கோப்பி ஊத்திக் குடுத்தவரோ?" என்று ஒரு குரல் கேட்டது. சிரிப்பு எழுந்தது.

"மாமா எண்டு கூப்பிட்ட வாயாலை சொல்லுறன். எழும்புங்கோ!" என்றாள் கமலாதேவி.

அரியநாயகம் மேடையைப் பார்த்தார். அங்கே சங்கச் செயலாளர் பரமலிங்கம், கமலாதேவியின் தகப்பன், கழுத்தில் மாலையோடு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

அரியநாயகம் சால்வையை உதறித் தோளில் போட்டார். இருமிக்கொண்டே வெளியே போனார்.

கமலாதேவி பேசினாள்.

"கல்லைக் கிண்டுறது ஆர்? களிமண்ணோடை அரைச்சுக் கூழாக்கிறது ஆர்? அந்தக் கூழைச் சூளைக்குள்ளை விட்டுச் சுட்டு, கருங்கட்டியாய் விழுறதைத் திருப்பி அரைச்சுச் சீமெந்தாக்கிறது ஆர்? துரைமாரோ? நீங்கள்! உங்கடை நெஞ்சுக்குள்ளை போற தூசி அது. என்ரை ஐயாவும் சூளைக்காரர்தான். அவர் ஒரு நாளாவது அந்த வாசலை மிதிச்சவரோ?"

"இல்லை!" என்று கூட்டம் கத்தியது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பரமலிங்கம் தட்டவில்லை.

பொழுது சாய, தகப்பனும் மகளும் கடற்கரை ரோட்டால் வீட்டுக்கு நடந்தார்கள். மாலை இப்போது பரமலிங்கத்தின் கையில்.

"ஏன் ஐயா உம்மெண்டு வாறியள்? சிநேகிதன் எண்ட பாசமோ? நியாயம் எல்லாருக்கும் ஒண்டுதானே?"

"திருப்பி வேலை தொடங்கின அண்டைக்கே சூளையை மூட்டினனாங்கள். எப்பிடி ஏலுமாயிருந்தது, தெரியுமே?"

"எப்பிடி?"

"அது முந்நூறு அடி நீளமான இரும்புக் குழாய், பிள்ளை. நெருப்பை அணைச்சாலும் ஆற மூண்டு நாள் செல்லும். ஆறி முடியுமட்டும் விட்டுவிட்டுச் சுத்திக்கொண்டே இருக்கவேணும். சும்மா விட்டால் தன்ரை பாரத்திலை தானே வளைஞ்சுபோம். வளைஞ்சால் ஆலைக்கு ஒரு வருசம் பூட்டு. நாங்கள் வெண்டும் வேலை இல்லை."

கமலாதேவியின் நடை தளர்ந்தது.

"அந்த மூண்டு நாளும் மாமா அதைத்தான்..."

"ஓம்."

"அப்ப சங்கம் பகிரங்கமாய்ச் சொல்லியிருக்கலாமே! ஒராளை அனுப்புறம் எண்டு தீர்மானம் போட்டிருக்கலாமே!"

"ஒராள் போகலாம் எண்டால், நான் ஏன் போகப்படாது எண்டு அடுத்த நாள் பத்துப் பேர் வெளிக்கிடுவினம். ஒருத்தரும் போகப்படாது எண்டு கூட்டத்திலை கை உயர்த்தியாச்சு. போறவன் தன்ரை பேரைக் கெடுத்துக்கொண்டுதான் போகவேணும்."

"சரி. வெண்ட பிறகு? இண்டைக்கு? நான் அவரை எழுப்பிக் கலைக்கேக்கை, நீங்கள் மாலையோடை பாத்துக்கொண்டு இருந்தியளே ஐயா!"

இறங்குதுறையில் யாகப்பு வள்ளத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கடந்த பிறகுதான் கமலாதேவி மறுபடியும் வாயைத் திறந்தாள்.

"மாமாதான் போகவேணும் எண்டு ஆர் முடிவெடுத்தது?"

"சூளையைத் தனிய நிண்டு சுத்தத் தெரிஞ்சது எங்கள் ரெண்டு பேருக்கும்தான். ஆரின்ரை பேர் வருகுதோ அவன் உள்ளை போறது எண்டு, கடற்கரைப் பிள்ளையாருக்கு முன்னாலை ரெண்டு பேரின்ரை பேரையும் எழுதித் திருவுளச் சீட்டுப் போட்டம். அரியநாயகம் ஒண்டை எடுத்து விரிச்சான். எனக்கும் காட்டினான். பிறகு கிழிச்சுத் தண்ணியிலை போட்டான்."

"ஏன் கிழிச்சவர்?"

"'உனக்குப் படிக்கிற பிள்ளை ஒண்டு இருக்கு. அவள் நாலு பேருக்கு முன்னாலை தலைநிமிந்து பேசவேணும். நான் போறன்' எண்டான்."

கமலாதேவி நின்றுவிட்டாள்.

"அந்தச் சீட்டிலை ஆரின்ரை பேர் கிடந்தது, ஐயா?"

"என்ரை பேர்."