திங்கட்கிழமை வரை

துரோல்ஸ் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, போட்டியிலிருந்து விலகும் படிவம் ஒன்று வேண்டும் என்றான்.

புதன்கிழமை காலை. முதல் ஆட்டம் தொடங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. வெளியே மழை விட்டு, செம்மண் ஆடுகளத்தின் மேல் போட்டிருந்த தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

இருபத்திரண்டு வருடமாக இந்த டென்னிஸ் கிளப்பின் போட்டி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். விலக வருகிறவர்களை எனக்குத் தெரியும். காலையில் நொண்டிக்கொண்டு வருவார்கள், மத்தியானம் ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள்.

துரோல்ஸ் அந்த ரகமில்லை. காய்ச்சலோடு ஆடி, தோற்று, கைகுலுக்கிவிட்டுப் போகிறவன்.

காரணம் என்ற கட்டத்தில் 'வலது மணிக்கட்டு வலி' என்று எழுதினான். வலது கையால்தான் எழுதினான். கோணல் இல்லாத கையெழுத்து.

டாக்டர் பார்க்காமல் விலக முடியாது. அவரும் வந்து மணிக்கட்டை அழுத்தினார். துரோல்ஸ் முகம் சுளிக்க மறந்துவிட்டான். வலிக்கிறதா என்று அவர் கேட்ட பிறகுதான், ரொம்ப வலிக்கிறது என்றான். அதைச் சொன்ன குரலைக் கேட்டு டாக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

நானும் கேட்கவில்லை. அவன் விலகினால் அந்த இடம் யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். தகுதிச் சுற்றில் தோற்றுக் காத்திருப்பவர்களின் பட்டியலில் முதல் பெயர் அஸ்கர். அவனுடைய தம்பி.

அஸ்கருக்கு இருபத்தைந்து வயது. மூன்று கோடையாக ஊர் ஊராக அலைந்தும் ஒருமுறைகூடப் பிரதானச் சுற்றுக்குள் நுழையவில்லை. இந்த வாரமும் நடக்காவிட்டால் மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தங்கள் ஏரோ தீவுக்கே திரும்பிப் படகு வேலையில் சேரப்போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தான். நேற்று முழுக்க என் எதிரிலேயே உட்கார்ந்து, யாருக்காவது கால் சுளுக்காதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஒலிபெருக்கியில் அவன் பெயரைக் கூப்பிட்டேன். வாயில் ரொட்டியோடு ஓடிவந்தான்.

அறிவிப்புப் பலகையில் அண்ணன் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதியிருப்பதைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த காரணத்தையும் படித்தான்.

"என்ன கிழவா, கை போச்சா? பீர் கிளாஸ தூக்கித் தூக்கித் தேஞ்சிருக்கும்."

"போடா, போய் ஷூவ மாட்டு. உன்னோட மோதப்போற அந்த செக் நாட்டுப் பையன் பேக்ஹேண்ட்ல கில்லாடி. அந்தப் பக்கம் மட்டும் போட்டுராத."

அஸ்கர் அண்ணனைக் கட்டிப்பிடித்தான். துரோல்ஸ் விடவே இல்லை. கடைசியில் தம்பிதான் சிரித்துக்கொண்டே தன்னை விடுவித்துக்கொண்டு ஓடினான்.

தம்பிக்காக விட்டுக்கொடுக்கிறான் என்று நினைத்தேன். நெஞ்சு இளகிப்போய், என் பிளாஸ்கிலிருந்த காபியை அவனுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.

காபியைத் தொடாமல், சுவரில் ஒட்டியிருந்த ஆட்ட வரிசைத் தாளின் முன்னால் போய் நின்றான்.

"பிர்த்தே, இன்னிக்கு ஜெயிச்சா அவனுக்கு அடுத்தது யாரு?"

"நாளைக்கு அந்த பெல்ஜியம்காரன். தரவரிசையில முதல் ஆளு."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை காலிறுதி." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உள்ளதச் சொல்றேன் துரோல்ஸ், தப்பா நெனைக்காத. நாளைக்கு மேல தாண்ட மாட்டான். ரூம வியாழக்கிழமை வரைக்கும் வெச்சிருந்தா போதும். வெள்ளிக்கிழமை அவன் சும்மாதான் இருப்பான்."

அவன் தலையாட்டவில்லை. தாளில் தம்பியின் பெயரிலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே போனான். காலிறுதியில் ஒரு ஸ்வீடன்காரன், அரையிறுதியில் போன வருடம் இங்கே கோப்பை வாங்கிய இத்தாலிக்காரன். ஒவ்வொரு பெயரிலும் கொஞ்ச நேரம் நின்று யோசித்தான். விரல் ஞாயிற்றுக்கிழமையின் கடைசிக் கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவன் போன் அடித்தது.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சின்ன அறை. காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

"அவனுக்கு இன்னும் தெரியாதும்மா. அவன் போன் என்கிட்டதான் இருக்கு. ஆட்டம் முடிஞ்சதும் நானே சொல்லிக்கிறேன்."

மறுமுனையில் அம்மா நிறைய நேரம் பேசினாள். அவன் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு கேட்டான்.

"வெள்ளிக்கிழமை வேணாம்மா. திங்கக்கிழமைன்னு பாதிரியார்கிட்ட சொல்லிடு. எட்டு நாளுக்குள்ளதான வெக்கணும், சரியா வரும்."

எட்டு நாள் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் நாட்டில் இறந்தவரை எட்டு நாளுக்குள் அடக்கம் செய்துவிட வேண்டும். என் கணவருக்கும் நான் அப்படித்தான் விரல்விட்டு எண்ணியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அவன் சும்மாதான் இருப்பான் என்று சொன்ன என் வாயை என்ன செய்வது?

கீழே நான்காம் ஆடுகளத்தில் அஸ்கர் பந்தடித்துப் பழகிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் அவனுக்கு வாய் நிறையச் சிரிப்பு.

ஏன் திங்கட்கிழமை என்று அம்மா கேட்டிருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை அவனுக்கு ஃபைனல் இருக்கும்மா," என்றான் துரோல்ஸ். "அப்பா அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாரு."