முனீரின் பாரம்

பால்கன் போரில் என்னோடு பறந்து வேவு பார்த்த முனீர், கீழிருந்து சுட்ட குண்டு பட்டு இறந்தான். அவனை இஸ்தான்புல்லில் அடக்கம் செய்தோம். அதன் பிறகு எங்கள் விமானம் கனத்துப்போனது. நான் தனியாகப் பறந்தாலும், இரண்டு பேரைச் சுமப்பதுபோல் விமானத் திடலின் கடைசியில்தான் எழும்பியது.

"எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல, ரிஃப்கி பே," என்றார் மெக்கானிக் ஸப்ரி.

பிறகு ஒரு வியாழக்கிழமை முனீரின் இடத்துக்குப் புதியவன் ஒருவனை அனுப்பினார்கள். அவன் ஏறியதும் விமானம் எழும்பவே இல்லை. வேலியருகே போய் நின்றுவிட்டது.

எனக்கு அலுத்துவிட்டது. அவனை இறங்கச் சொல்லிவிட்டு, காலி இருக்கையைப் பார்த்துப் பேசினேன்.

"போதும்டா முனீர். என்னால முடியல. பூர்ஸாவுக்குப் போடா, அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க."

மறுபடி நானும் புதியவனும் ஏறினோம். விமானம் பாதித் திடலிலேயே எழுந்துவிட்டது.

அடுத்த விடுப்பில், துக்கம் விசாரிக்க பூர்ஸாவுக்குப் போனேன். கதவைத் திறந்த முனீரின் அம்மா உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவாப் பேசு தம்பி. வியாழக்கிழமைதான் வந்தான். அலுத்துப்போய்த் தூங்குறான்."

நான் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவர் பருப்பு சூப் ஊற்றித் தந்தார். கரண்டி கிண்ணத்தில் படாமல் குடித்தேன்.