பெயருக்கான கட்டம்

“பேரு எழுதலைன்னா இடம் ஒதுக்க முடியாதுங்க” என்று இடுகாட்டு எழுத்தர் படிவத்தை ஜன்னல் வழியாகத் திருப்பித் தள்ளினார்.

பிள்ளையைப் பெற்றவளின் அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது.

“சார், பொறந்து மூணே நாள்ல போயிடுச்சு. பேர் வைக்கல. ‘ஆண் குழந்தை’ன்னு போட்டுக்கங்களேன்.”

எழுத்தரின் பார்வை அவனைத் தாண்டிச் சுவரோரப் பெஞ்சுக்குப் போய்வந்தது. அங்கே மாப்பிள்ளை மடியில் சின்னப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தங்கை. இரண்டு நாளாக அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை.

“ஒரு பேருகூடவா யோசிக்கல?”

“யோசிச்சோம். அதை அடுத்த பிள்ளைக்குன்னு எடுத்து வச்சிருக்கோம்.”

எடுத்து வைத்தது அண்ணன்தான். ஐந்தாம் மாதமே தங்கை தேடிப் பிடித்த பெயர் அது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கைவிரித்ததும் அதைச் சொல்லி அவள் பிள்ளையை அழைக்கப் போனபோது, “வேண்டாம்மா, நல்ல பேரு, வீணாக்காதே” என்று தடுத்துவிட்டான். நல்லதுக்குத்தான் சொன்னான். அதோடு மூடிய வாயை அவள் திறக்கவே இல்லை.

“அப்ப பேரு இருக்கு” என்றார் எழுத்தர். “பெத்தவங்க வந்து சொல்லட்டும். என்ன அர்த்தம்னும் சொல்லணும்.”

“புதைக்கிற பிள்ளைக்கு அர்த்தம் எதுக்குய்யா?”

வரிசையில் பின்னால் நின்றவர் முணுமுணுத்தார். “நாற்காலி கிடைச்சிட்டா மனுஷனுக்கு நெஞ்சு கல்லாயிடுது.”

அதற்குள் தங்கை எழுந்து வந்துவிட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னாள். குரல் கரகரத்தது.

எழுத்தர் பேனாவைத் திறந்தார். “நிதானமா சொல்லும்மா. என்ன அர்த்தம்?”

“அழிவே இல்லாதவன்னு அர்த்தம். ஆண்டவனுக்கே உள்ள பேரு. பிரார்த்தனைப் புத்தகத்துலேர்ந்து எடுத்தேன்.” அவள் உதடு கோணியது. “வயித்துல இருக்கும்போதே அந்தப் பேரைத்தான் சொல்லுவேன். சொன்னா உதைப்பான் சார்…”

அதற்கு மேல் முடியவில்லை. கம்பியில் நெற்றியை வைத்து ஓவென்று அழுதாள். மாப்பிள்ளை ஓடிவந்தார். பெட்டியை அவள் கையில் வைத்து, முதல் முறையாகப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எழுத்தர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பெயரைப் பதிவேட்டில் எழுதினார்.

“ஏழாவது வரிசை, மரத்துக்குப் பக்கத்துல. எத்தனை வருஷம் கழிச்சு வந்தாலும் இந்தப் பேரைச் சொல்லிக் கேளும்மா, காட்டுவாங்க.”

பிறகு படிவத்தை அண்ணனிடம் நீட்டினார். “சாட்சிக் கையெழுத்து நீங்க போடுங்க.”

பச்சை உடம்புக்காரியை இப்படி அழவைத்துவிட்டானே பாவி என்று பொருமிக்கொண்டே அண்ணன் குனிந்தான். படிவத்தில் அர்த்தம் எழுதக் கட்டமே இல்லை. கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே, பொடி எழுத்தில், ஒரு வரி அச்சாகியிருந்தது.

‘ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பெயர் தேவையில்லை.’