தாரு காயட்டும்

"இன்னைக்குப் பரிசல் ஓடாது."

சொல்லிவிட்டு, கவிழ்த்துப் போட்ட பரிசலின் நிழலிலேயே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள் பரிபூரணம்.

தவசிமுத்துவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "என்னக்கா இது? காலையில கரையில விட்டுருதேன்னு நேத்துச் சொன்னீகள்ல? ராத்திரி ஷிப்டுக்குப் போகணும் நான்!"

"தாரு பூசிருக்கு தம்பி. காயணும்லா?"

"எப்பக் காயும்?"

"காயும்போது காயும்."

அந்த ஆற்றுத்திட்டே அப்படித்தான். தாமிரபரணி நடுவில் நாலைந்து வீடு, கொஞ்சம் தென்னை. எதைக் கேட்டாலும் 'பொறவு பாப்போம்'. லாட்ஜ் கிடையாது. பரிபூரணத்தின் ஓலைக்கொட்டகையில் படுக்கை, அவள் வைக்கிற மீன்குழம்பு. கையைக் கடிக்காத இடம் என்று யாரோ சொன்னதை நம்பி, ராஜபாளையத்து மில்லில் பவர்கட் லீவு விட்டதும் தோளில் ஒரே ஒரு பையோடு பொண்டாட்டி சீனியம்மாளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். கல்யாணமாகி ஒரு வருசத்தில் இதுதான் முதல் வெளியூர்.

வந்த இடத்தில் சண்டை.

அதுவும் வாயால் போடுகிற சண்டை இல்லை. புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேருமே மில் ஆட்கள். மெஷின் இரைச்சலில் காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது என்பதால் ஷெட்டுக்குள் பேச்செல்லாம் கைதான். மீசையை முறுக்கினால் மேஸ்திரி. ரெண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டினால், நூல் அறுந்துபோச்சு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து உருட்டினால், அறுந்த நூலை ஒட்டு. வெளியாட்கள் முன்னால் சண்டை போட இதைவிட வசதி உண்டா?

சீனியம்மாள் பரிபூரணத்தின் எதிரிலேயே மீசையை முறுக்கிக் காட்டிவிட்டு, கையை விரித்தாள். 'மேஸ்திரிகிட்டக் கேக்கவே இல்ல. அம்புட்டும் பொய்யி!'

அவனுக்கு ராத்திரி ஷிப்ட், அவளுக்குப் பகல். அவள் உள்ளே போகும்போது அவன் வெளியே வருவான். மில் கேட்டில் வீட்டுச் சாவியைக் கை மாற்றிக்கொள்வதுதான் அவர்கள் குடித்தனம். "என்னையும் பகலுக்கு மாத்தச் சொல்லிக் கேட்டுட்டேன், மேஸ்திரி பாக்கலாம்னுருக்காரு" என்று மாசக்கணக்கில் சொல்லி வந்தவன், கேட்கவே இல்லை என்பது நேற்றுப் பேச்சுவாக்கில் அவன் வாயாலேயே வந்துவிட்டது.

'முந்தானையப் புடிச்சுட்டுத் திரியுதான்னு ஷெட்டே சிரிக்கும்' என்று கை காட்டினான்.

அவள் ரெண்டு விரலையும் நறுக்கென்று வெட்டினாள். பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்புவதுபோல் காட்டினாள். 'அறுந்துபோச்சு. கரையேறுனதும் நான் வத்திராயிருப்புக்குப் போறேன், எங்கம்மாகிட்ட. நீங்க ராத்திரி ஷிப்டைக் கட்டிக்கிட்டு அழுங்க.'

செய்வாள், சொன்னால் செய்கிறவள்தான். அந்த ஆத்திரத்தைப் பரிபூரணத்தின் மேல் காட்டினான். அவளைக் கண்ணால் சுட்டி, கன்னத்தில் உள்ளங்கையை வைத்துத் தலையைச் சாய்த்தான். 'இது ஒரு தூங்குமூஞ்சி!'

"என்ன தம்பி, கழுத்து வலியா?" என்றாள் பரிபூரணம்.

"ஆமாக்கா... சுளுக்கு. ஆமா, தாரு பூசுனதா சொல்லுதீக, வாசமே வரலையே?"

"காத்து அந்தப் பக்கமா அடிக்கு."

மத்தியானம் சாப்பிட்டதும் சீனியம்மாள் தென்னை நிழலில் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாள். அழுதபடியே தூங்கிப்போனாள்.

அவள் கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நிழல் எப்போதோ நகர்ந்து போயிருந்தது. ஆனாலும் முகத்தில் வெயில் இல்லை. தவசிமுத்து துண்டை விரித்துப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க தூங்கலையா? பகல்ல தூங்குற ஆளாச்சே."

"நீ தூங்கி நான் பாத்ததே இல்லட்டி. ஒரு வருசமாச்சு." துண்டை இறக்கிக்கொண்டே சொன்னான், "வாயத் தொறந்துட்டுத் தூங்குத."

"போங்க அங்கிட்டு!"

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டே சொன்னான்:

"திங்கக்கிழமை மேஸ்திரிகிட்டக் கேக்கேன். அம்புட்டுப் பேரு முன்னாலயும் கேக்கேன். சிரிக்கவன் சிரிச்சுட்டுப் போறான். நீ வத்திராயிருப்புக்குப் போயிராத சீனி."

அவள் அந்தத் துண்டை வாங்கி அவன் முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டாள்.

"ஏ தம்பி! தாரு காஞ்சிருச்சு, கெளம்புங்க!"

பரிபூரணம் பரிசலை நிமிர்த்தி, தண்ணீரில் இறக்கியே விட்டிருந்தாள்.

"பாத்தியா? சோம்பேறித்தனத்துல நம்ம பொழுதையே போக்கிட்டா" என்று முணுமுணுத்துக்கொண்டே பையைத் தூக்கினான் தவசிமுத்து.

கரையில் இறக்கிவிட்டுப் பரிசல் திரும்பியது. பாதி ஆறு போனதும், என்ன இருந்தாலும் சோறு போட்டவளாயிற்றே என்று, "போய்ட்டு வாரோம்க்கா!" என்று கத்தினான். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்டிருக்காது.

பரிபூரணம் துடுப்பை மடியில் வைத்தாள். கன்னத்தில் உள்ளங்கையை வைத்துத் தலையைச் சாய்த்து, தன்னையே சுட்டிக் காட்டினாள்.

தவசிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆத்தாடி, அக்காவும் மில்லுக்காரிதான்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் சீனியம்மாள்.

பரிபூரணம் இல்லாத மீசையை முறுக்கினாள். கேட்காமல் விட்டுவிடாதே என்று அவனைப் பார்த்து விரலை ஆட்டினாள். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, உயரத் தூக்கி உருட்டிக் காட்டினாள்.