ஏலம் போன ஃப்ரீசர்

"ஆன்லைன் ஏலத்துல ஜெயிச்சது நான். நாளைக்கு என்னோட பந்தல், ஃப்ரீசர் வாடகைக் கடை திறப்பு. இப்பப் போயி விக்கலைன்னு மெசேஜ் போட்டா எப்படிம்மா?" காளவாசலில் லோடு ஆட்டோவுடன் நின்ற ஸ்ரீநாத் போனில் கத்தினான்.

"மன்னிச்சுருங்கண்ணே. இன்னைக்கு ஃப்ரீசரைத் தர முடியாது" என்றாள் விற்றவரின் மகள் பிருந்தா.

"ஏன், வேற எவனும் கூடக் கேட்டானா?"

"இல்லண்ணே. ஓடிக்கிட்டிருக்கு."

"ஆஃப் பண்ணிட்டு, உள்ள இருக்கிறதை வெளிய எடுத்து வைங்க! இல்ல, உங்கப்பாகிட்ட போனைக் குடுங்க. அவருதான ஏலம் விட்டாரு?"

பிருந்தா உடைந்து அழுதாள்.

"உள்ள இருக்கிறதே அப்பாதாண்ணே. காலையில நெஞ்சுவலி. ஊர்ச் சாவுக்கெல்லாம் இதை வாடகைக்கு விட்டவரு, இப்ப அவரே அதுல படுத்திருக்காரு. நாலு மணிக்கு எடுத்துருவோம். அதுக்கப்புறம் வந்து ஏத்திக்கங்க."