லேசான தடியடி

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

மீதி வரியைப் போன தேர்தலின்போதே கணினியில் சேமித்து வைத்திருந்தாள். ‘கூட்டத்தைக் கலைக்க போலீசார் லேசான தடியடி.’ ஊரை அடித்து ஒரு பொத்தானைத் தட்டினால், டிவி திரையின் அடியில் ஓடத் தொடங்கிவிடும்.

இன்றைக்கு அடித்த ஊர் கரையாம்பட்டி.

அவளுடைய சொந்த ஊர். குப்பைக் கிடங்கு வேண்டாம் என்று தம்பியும் போய் உட்கார்ந்திருந்தான்.

வீடியோ வந்தது. ஒரே ஆளைச் சுற்றி நான்கு லத்திகள். ரோட்டில் ஒற்றைச் செருப்புகள். ரத்தம்.

லேசாம். எந்த வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்? அடிச்சான் என்பார்கள். மண்டையைப் பொளந்துட்டான் என்பார்கள். பாழாய்ப்போன இந்த வார்த்தை செய்தியில் மட்டும்தான் பிழைத்துக் கிடக்கிறது.

எழுந்து செய்தி ஆசிரியரிடம் போனாள். “சார், அந்த ‘லேசான’ மட்டும் எடுத்துடலாம் சார். வீடியோவப் பாருங்க.”

அவர் நிமிரவில்லை. “போலீஸ் குடுத்த அறிக்கையில அப்படித்தானே இருக்கு? நீ போய் அளந்து பாத்தியா? போம்மா, போய் வேலையப் பாரு.”

அந்த வழுக்கை மண்டையில் லேசாக ஒன்று போட்டால் என்ன என்று தோன்றியது.

தம்பி போனை எடுக்கவில்லை. ஐந்து முறை அடித்துப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு அம்மாவே கூப்பிட்டாள். குரலில் பதற்றமே இல்லை.

“தம்பி அப்பவே வந்துட்டான்டி. பின்மண்டையில ஒரு அடி, புடைச்சிருக்கு. ரெண்டு தடவ வாந்தி எடுத்தான். வெயில்ல உக்காந்தது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு பக்கத்து வீட்ல ஆட்டோகூட கொண்டாந்துட்டாங்க. நான்தான் வேணாம்னு அனுப்பிட்டேன்.”

“ஏம்மா?”

“லேசான அடிதான்னு உங்க டிவியிலயே ஓடுதே. எம்மக போடுறதுதான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். நீ தப்பாவா போடுவ? மத்தியானத்துலேர்ந்து அசந்து தூங்குறான்.”



“எழுப்பும்மா. இப்பவே எழுப்பு.”

போனைக் கீழே வைக்கும் சத்தம்.

அம்மா கூப்பிடுவது தூரத்திலிருந்து கேட்டது. முதலில் தம்பி என்று. பிறகு டேய் என்று.

பிறகு, யாரும் வீட்டில் கூப்பிடாத அவனுடைய முழுப் பெயரைச் சொல்லி.