டெல்லிக்குக் கேட்ட குரல்

டமார் என்று ஒரு அலுமினிய அன்னக்கூடை சிமெண்ட் தரையில் வந்து விழுந்தது. தேவனாம்பட்டினம் சமுதாயக் கூடத்தில் கடல் ஆமைகளைப் பற்றிய படம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் திரையை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தார்கள்.

வாசலில் கருவாடு விற்கும் லோகநாயகி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“எவுரு அந்த டெல்லி ஆபீசரு? நான் அவுருகிட்ட பேசணும்!”

அருள்முருகன் பதறி எழுந்தான். ஆமைகளைக் காப்பாற்றும் அந்தப் பெரிய தொண்டு நிறுவனத்துக்கு அவன்தான் கடலூர் கள ஒருங்கிணைப்பாளர். டெல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த டைரக்டர் சித்தார்த்துக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பதும் அவன் வேலைதான்.

“அக்கா, மீட்டிங் முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்” என்று கெஞ்சினான்.

“நீ சும்மா இருடா! மூணு வருசமா பேன்ட்ட மடிச்சி வுட்டுக்கினு கடக்கரையில சுத்துற. உன்னால எங்களுக்கு ஒரு புண்ணியம் உண்டா?”

“நல்லா கேளு” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. கூடமே சிரித்தது.

டைரக்டர் கையை உயர்த்தினார். “அவரைப் பேச விடுங்கள். அப்படியே மொழிபெயருங்கள். எதையும் மறைக்காதீர்கள்” என்றார் ஆங்கிலத்தில்.

லோகநாயகி திரைக்கு முன்னால் வந்து நின்றாள். ஆமையின் முகம் அவள் புடவைமேல் விழுந்தது.

“ஆம முட்டைய பத்திரமா வெக்க வேலி போட்டீங்க. சரி, வேணாங்கல. ஆனா இந்த வருசம் நாங்க கருவாடு காயவெக்கிற எடத்த மொத்தமா வளைச்சிட்டீங்களே! நாப்பது பொம்பளைங்க ரோட்டு ஓரத்துல மீன காயப்போடுறோம். பஸ்ஸு கெளப்புற தூசி பூரா அதுமேலதான். எந்த யாவாரி வாங்குவான்?”

அருள்முருகன் தலை குனிந்தபடி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தான்.

“அடுத்த வாரம் முட்டைய உள்ள வெச்சிட்டா, ஏப்ரல் வரைக்கும் வேலிய தொட வுட மாட்டீங்க. ஆமக் குஞ்சு பொழைக்கணும், வாஸ்தவம். எங்க புள்ளைங்க பொழைக்க வேணாமா?”

அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். கூரையைப் பார்த்தாள். தலையைச் சொறிந்தாள்.

அருள்முருகன் நிறுத்தவில்லை. வேலியை நாற்பது அடி வடக்கே தள்ளினால் போதும், அங்கேயும் அலை ஏறாது, முட்டைகளுக்கு ஒன்றும் ஆகாது என்பதுவரை சொல்லி முடித்தான்.

டைரக்டர் எழுந்து லோகநாயகியைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு அவனிடம் திரும்பினார். “நாளைக்கே வேலியை நகர்த்துங்கள். இதை ஏன் எனக்கு யாருமே சொல்லவில்லை?”

“பதினோரு மெயில் போட்டேன் சார்.”

“அது உங்கள் கருத்து. இதுதான் மக்கள் குரல்.”

கார் வரை அவனைத் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். “ஒன்று சொன்னால் வருத்தப்படக் கூடாது. ஊர்க்காரர்களுக்கு உங்களைக் கண்டாலே ஆகவில்லை. அடுத்த மாதம் ஹைதராபாத்தில் மூன்று நாள் பயிற்சி இருக்கிறது. மக்களோடு எப்படிப் பழகுவது என்று சொல்லித் தருவார்கள். போய் வாருங்கள்.”

“சரி சார்” என்றான் அருள்முருகன்.

கார் பீச் ரோட்டில் திரும்பி மறைந்தது. லோகநாயகி மெதுவாக அவன் பக்கத்தில் வந்து நின்றாள். வேறு யாரும் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“நீ எழுதிக் குடுத்ததுல கடைசி ரெண்டு வரி மறந்தே போச்சு தம்பி!”